பின் அச்சில் எண்ணெய்க் கசிவு: பழைய தோட்ட டிராக்டர்களைச் செப்பனிடும் முறை

பழைய தோட்ட டிராக்டர் ஒன்றின் பின்புறம் குனிந்து, சக்கரத்தின் உட்பக்கத்தை நோக்கினால், அச்சுக்கூட்டின் முனையிலிருந்து டயரின் பக்கச்சுவர் வரையில் கரிய பிசுக்குப் பரவியிருத்தலைப் பல சமயங்களில் காணலாம். அதன்மீது தூசியும் மண்ணும் ஒட்டித் தடித்த தோலைப்போல் ஆகியிருக்கும். உரிமையாளரைக் கேட்டால், "பழைய வண்டி அல்லவா, சிறிது எண்ணெய் வடியத்தான் செய்யும்" என்று விடை வரும். மெக்கானிக்கைக் கேட்டால், "ஆயில் சீல் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்பார். முதல் விடை ஆபத்தானது. இரண்டாவது விடை பாதி உண்மை. சீல் கெட்டிருப்பது மெய்யே. அது ஏன் கெட்டது என்பதைக் காணாமல் புதியதை இட்டால், அடுத்த பருவத்திற்குள் அதே இடத்தில் அதே பிசுக்குத் தோன்றும். ஒரே வண்டிக்கு ஓர் ஆண்டில் மூன்று சீல் மாற்றியவர்கள் உண்டு. குற்றம் சீல் செய்தவர்மேல் சுமத்தப்படுகின்றது. உண்மைக் காரணமோ வண்டியிலேயே தங்கியிருக்கின்றது.

நம் நாட்டில் இத்தகைய பழைய வண்டிகள் மிகுதி. 1959 இல் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டரும், 1960 இல் நிறுவப்பெற்ற சென்னை டாஃபே நிறுவனத்தின் வழியே மாஸி பெர்குஸன் வகையும் இங்கு உருவாகத் தொடங்கின. துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த அமைப்பினைக் கொண்டு, 1974 இல் மொகாலியில் ஸ்வராஜ் 724 வெளிவந்தது. பின்னர் 18 குதிரைத் திறன் அளவிலான சிறு டிராக்டர்களும் வந்து, நாசிக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் நாகபுரியின் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் இடம்பெற்றன. இவற்றுள் பல, இரண்டாம் மூன்றாம் உரிமையாளர் கைக்கு வந்து இன்றும் உழைக்கின்றன. முறையாகப் பேணினால் மேலும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவையே.

கசிவினால் விளையும் இழப்பினை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு வீழ்வதாகவும், ஏறத்தாழ 30 சொட்டு ஒரு மில்லிலிட்டர் ஆவதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு 5 மணி நேர வேலையில் 3,600 சொட்டுகள், அஃதாவது 120 மில்லிலிட்டர் வெளியேறும். 25 நாளில் 3 லிட்டர். சிறு டிராக்டரின் பின் அச்சுக்கு இது பெருந்தொகை. மாஸி பெர்குஸன் 35 போன்றவற்றில் கியர் பெட்டி, டிபரன்ஷியல், ஹைட்ராலிக் தூக்கி ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்குகின்றன. அங்கே அச்சு முனையில் வடிவது தூக்கியின் எண்ணெயுமாகும்.

எனினும் எண்ணெயின் விலை இங்குப் பெரிதன்று. பிரேக்தான் பெரிது. பல பழைய அமைப்புகளில் பிரேக் டிரம் சக்கரத்தை ஒட்டி, ஆயில் சீலுக்கு அடுத்தாற்போல் இருக்கின்றது. சீலைத் தாண்டிய எண்ணெய் நேரே பிரேக் லைனிங்கில் ஊறுகின்றது. உலர்ந்த லைனிங்கின் உராய்வு எண் 0.3 முதல் 0.4 வரை இருக்கும். எண்ணெய் ஊறியபின் இது மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே சென்றுவிடக் கூடும். டிராக்டரின் இரு பின் சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக் உண்டென்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வயலில் திரும்புவதற்கு ஒரு பக்கப் பெடலை மட்டும் மிதிப்பர். சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைத்து ஒருங்கே மிதிப்பர். வலப்பக்க லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால், இரு பெடலையும் ஒருங்கே மிதித்தபோதும் இடச்சக்கரம் மட்டுமே பற்றும். வண்டி இடப்பக்கமாக வெட்டி இழுக்கும். சமவெளி வயலில் இஃது ஒரு தொல்லை. இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களில், பழப்பெட்டிகள் ஏற்றிய டிரெய்லர் பின்னிருந்து தள்ள, சரிவில் இறங்கும் வண்டிக்கு இதுவே உயிர்ச்சேதத்திற்குப் போதுமான காரணம். களப்பணியாளர் கசிவுள்ள வண்டியைக் கண்டவுடன் செய்யவேண்டிய முதற்காரியம், பழுது நீங்கும்வரை அவ்வண்டி டிரெய்லருடன் சாலையில் ஏறாதவாறு உரிமையாளரிடம் எடுத்துக் கூறுதலேயாம்.

ஆயில் சீல் எவ்வாறு எண்ணெயைத் தடுக்கின்றது?

இவ்வினாவுக்கு விடை தெரிந்தால் பழுதின் காரணங்கள் தாமே விளங்கும். தொடக்க காலத்தில் அச்சுகளைச் சுற்றிக் கம்பளி நாடாவையும் எண்ணெயில் ஊறிய கயிற்றையும் திணித்து வந்தனர். பின்னர்த் தோல் வளையங்கள் வந்தன. ஜெர்மனியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டிருந்த பிராய்டென்பெர்க் நிறுவனத்தார் 1930 களில் முதலில் தோலாலும் பின்னர்ச் செயற்கை இரப்பராலும் இன்று நாம் காணும் வடிவில் சீல் செய்து பரப்பினர். வெளியே ஓர் இரும்பு வளையம். உள்ளே மெல்லிய இரப்பர் உதடு. அவ்வுதட்டைச் சுற்றிக் காப்புப்போல் ஒரு சுருள் கம்பி. கம்பியின் இழுப்பினால் உதடு அச்சைத் தழுவி நிற்கின்றது.

உதடு அச்சின்மீது உலர்ந்து உரசுவதாகப் பலர் எண்ணுவர். அங்ஙனமாயின் அது சில நாளில் எரிந்துபோகும். உண்மையில் உதட்டுக்கும் அச்சுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்களவு தடிப்பில் எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் உண்டு. உதட்டின் இரு சரிவுகளும் சமமானவை அல்ல. எண்ணெய்ப் பக்கத்துச் சரிவு செங்குத்தாகவும், காற்றுப் பக்கத்துச் சரிவு சாய்வாகவும் அமைக்கப்பட்டிருக்கின்றன. இதன் பயனாக, அச்சு சுழலும்போது வெளிப்பக்கம் வந்த எண்ணெயை உதடு மீண்டும் உள்நோக்கித் தள்ளுகின்றது. எனவே நல்ல சீல் என்பது ஓயாது வேலை செய்யும் ஒரு நுண்ணிய பம்பு எனலாம். சீலைத் திருப்பிப் பொருத்தினால் அந்தப் பம்பு எண்ணெயை வெளியே இறைக்கும். சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கியிருக்கவேண்டும் என்ற விதியின் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கருதுக. 1.2 மீட்டர் விட்டமுள்ள பின் சக்கரம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 66 முறைதான் சுழலும். எஞ்சினின் தண்டோ நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்கின்றது. அதன் சீல் பல்லாண்டு நிலைக்கின்றது. இத்துணை மெதுவாகச் சுழலும் பின் அச்சின் சீல் முதலிற் கெடுவானேன்? தேய்வுக்குக் காரணம் வேகம் அன்று என்பது இதனால் தெளிவாகின்றது. சேறு, உள்ளழுத்தம், அச்சின் ஆட்டம் இவையே காரணங்கள்.

மூச்சுத்துளையும் குளவியும்

உள்ளழுத்தத்தைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஏனெனில் பட்டறைகளில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இதுவே. பின் அச்சுக்கூட்டில் எண்ணெய்க்கு மேல் காற்று உண்டு. காலையில் 30 பாகை செல்சியசில் இருந்த கூடு, கடும் உழவில் 80 பாகை வரையில் சூடேறுவதாகக் கொள்வோம். தனிவெப்ப அளவில் இவை 303, 353 ஆகும். மூடிய கலத்தில் காற்றின் அழுத்தம் தனிவெப்பநிலைக்கு ஏற்ப உயர்வதால், 353 ஐ 303 ஆல் வகுக்க 1.165 வருகின்றது. அஃதாவது வெளிக்காற்றைவிட உள்ளே ஆறில் ஒரு பங்கு அழுத்தம் மிகுகின்றது. இஃது ஒரு மீட்டர் 70 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம். தேய்ந்த உதட்டுக்கு இது தாங்கமுடியாத சுமை.

இதனைத் தவிர்க்கவே கூட்டின் மேற்புறத்திலோ, எண்ணெய் ஊற்றும் மூடியிலோ ஒரு சிறு மூச்சுத்துளை வைத்துள்ளனர். மெக்கானிக்குகள் இதனை 'பிரீதர்' என்பர். இத்துளை சேற்றால் அடைபடும். வண்டிக்கு மறுவண்ணம் பூசும்போது வண்ணத்தால் அடைபடும். பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடும். அடைபட்டபின் சூடேறிய காற்று வெளியேறும் வழி சீலின் உதடு ஒன்றே. அது தன்னுடன் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றது.

இதனினும் கொடிய விளைவு இரவில் நேர்கின்றது. பகலில் மிகுதிக் காற்று வெளியேறிவிட்டமையால், கூடு குளிர்ந்ததும் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகின்றது. அப்போது அச்சு முனையைச் சுற்றியுள்ள ஈரமும் நுண்மண்ணும் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. சேற்றுழவு முடிந்து ஈரமாகவே நிறுத்திய வண்டியில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருத்தலுக்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனை எளிது. வேலை முடிந்து வண்டி வெதுவெதுப்பாக உள்ளபோது எண்ணெய் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்துக. 'உஸ்' என்று காற்று சீறினால் மூச்சுத்துளை அடைபட்டுள்ளது. கையுறையோ தடித்த துணியோ இன்றி இதனைச் செய்தலாகாது. சூடான எண்ணெய் தெறிக்கக்கூடும். துளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதித் துலக்கி மாட்டினால் சில வண்டிகளில் கசிவே நின்றுவிடும். ஒரு காசும் செலவில்லை. ஆசிரியர்கள் இவ்விதியை வகுப்பில் காட்ட விரும்பினால், வெறும் கண்ணாடிப் புட்டியின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரிலும் பின்னர்க் குளிர்ந்த நீரிலும் மாறிமாறி வைத்துக் காட்டலாம். பலூன் உப்புவதையும் புட்டிக்குள் உறிஞ்சப்படுவதையும் கண்ட மாணவன், தன் வீட்டு டிராக்டரின் மூச்சுத்துளையைத் தானே சென்று பார்ப்பான்.

கழற்றுவதற்கு முன்

அச்சின் அருகே கசிவதெல்லாம் அச்சு எண்ணெய் அன்று. ஹைட்ராலிக் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் திரவம் வடிந்திருக்கலாம். தூக்கியின் குழாயிலிருந்து வழிந்து அச்சுக்கூட்டின் வழியே ஓடி வந்திருக்கலாம். கியர் எண்ணெயில் கந்தகம் கலந்த கடு நாற்றம் உண்டு. விரலில் தடித்து ஒட்டும். பிரேக் திரவம் நீரில் கரையும், எண்ணெய் கரையாது. இடத்தை உறுதி செய்ய, பிசுக்கு முழுவதையும் மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவி, அரைமணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஈரம் தொடங்கிய இடம் வெண்மையில் கறுத்துத் தெரியும். அச்சுக்கூட்டின் இணைப்பில் உள்ள காகித பாக்கிங் வழியே கசிவது தெரிந்தால், சீலைத் தொடவே வேண்டியதில்லை.

எண்ணெயின் மட்டத்தைச் சமதரையில் நிறுத்திப் பார்க்கவேண்டும். "வடிகின்றதே" என்று அளவுக்கு மேல் ஊற்றி வைத்திருப்பவர் பலர். அதனாலேயே மேலும் வடியும். எப்பக்கச் சக்கரத்தில் கசிவு என்பதையும் நோக்குக. இறக்கைக் கலப்பையால் உழும் வண்டியில் வலச்சக்கரம் எப்போதும் சாலுக்குள் தாழ்ந்து ஓடுகின்றது; எண்ணெய் அப்பக்கமே சாய்ந்து தேங்குகின்றது. வலப்பக்கச் சீல் முதலில் கெடுவதற்கு இஃதொரு காரணம். நாள்தோறும் சரிவான இடத்தில் ஒரே திசையில் நிறுத்தப்படும் வண்டிக்கும் இது பொருந்தும்.

அடுத்து, சக்கரத்தைத் தரையினின்று தூக்கி, மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துள்ளது என்பது பொருள். உதடு மில்லிமீட்டரில் ஓரிரு பத்தில் ஒரு பங்கு ஆட்டத்தைப் பின்தொடர வல்லது. அதற்கு மேற்பட்டால் ஒருபுறம் இடைவெளி விழும். பேரிங்கை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

தூக்குவதில் ஓர் எச்சரிக்கை. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் தொங்கி இருபுறமும் ஊசலாடும் இயல்புடையது. பின்புறம் ஒரு பக்கத்தைத் தூக்கியவுடன் வண்டி முழுவதும் முன்முளையின்மேல் சாய்ந்து கவிழ இடமுண்டு. ஆகவே முன் அச்சுக்கும் உடலுக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்புகளை அடித்துவிட்டு, தரையில் எஞ்சிய சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்னரே ஜாக்கியை உயர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவைத்தல் கூடாது. கனத்த மரக்கட்டைகளைக் கூட்டின் கீழ் அடுக்குக. செங்கல் திடீரென நொறுங்கும், அதனைப் பயன்படுத்தாதீர். டயருக்குள் பாரத்திற்காக நீர் நிரப்பியிருந்தால் அந்நீரே நூறு கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். அச்சக்கரத்தை ஒருவர் தனியே இறக்க முற்படலாகாது.

அச்சின் மேல் விழுந்த பள்ளம்

எண்ணெயை வடித்து, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றியபின், பேரிங் மூடியின் போல்ட்டுகளை நீக்கினால் அச்சு வெளியே வரும். அப்போது மெல்லிய தகட்டு வளையங்கள் சில உடன் வரலாம். 'ஷிம்' எனப்படும் இவை அச்சின் நீளவாட்டு ஆட்டத்தை வரையறுப்பவை. எப்பக்கத்தில் எத்தனை இருந்தன என்று எழுதிக் கம்பியில் கோத்து வைக்கவேண்டும். இடம் மாறினால் பேரிங் இறுகி எரியும், அல்லது தளர்ந்து சீலைக் கெடுக்கும். சில அமைப்புகளில் பேரிங்கை ஓர் இறுகிய வளையம் பற்றியிருக்கும். அதனை வெட்டி நீக்கிப் புதியதைச் சூடாக்கி ஏற்ற, தக்க கருவியுள்ள பட்டறைக்கே கொடுத்தல் நலம். பேரிங்கை 120 பாகைக்கு மேல் சூடாக்கினால் அதன் எஃகின் கடினம் குன்றும். தீச்சுடரை நேரே காட்டுவது ஒருபோதும் தகாது.

இப்போது அச்சில் உதடு தழுவிய இடத்தைத் துடைத்து, விரல் நகத்தை நீளவாட்டில் ஓட்டிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்துள்ளது. மென்மையான இரப்பர் கடினமான எஃகை அரிப்பது வியப்பாகத் தோன்றலாம். உதட்டில் பதிந்த மணல் துகள்கள் சாணைக்கல்லின் வேலையைச் செய்கின்றன. இப்பள்ளத்தின்மேல் எத்துணைப் புதிய சீலை இட்டாலும் அது சரிவரத் தழுவாது.

தீர்வுகள் மூன்று. கூட்டில் இடமிருந்தால் புதிய சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளோ வெளியிலோ தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத பகுதியில் அமருமாறு செய்யலாம். சிற்றூர்ப் பட்டறைக்கு உகந்தது இதுவே. இடமில்லையேல், பள்ளத்தின்மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றலாம். கால் மில்லிமீட்டரை அடுத்த தடிப்புடைய இவ்வுறைகள் பேரிங் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. மூன்றாவது, உலோகம் தெளித்து உயர்த்தி அளவுக்குச் சாணை பிடித்தல். நம் பட்டறைகளில் சிலர் வில் வெல்டிங்கால் அச்சை நிரப்பிக் கடைகின்றனர். இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெல்டிங் செய்த இடத்தருகே எஃகின் தன்மை மாறுகின்றது. முறுக்கும் வளைவும் மாறிமாறித் தாங்கும் பின் அச்சு பிற்காலத்தில் அவ்விடத்திலேயே வெடித்து ஒடியக்கூடும். அச்சு ஒடிந்தால் சக்கரம் கழன்று ஓடும்.

திராட்சைத் தோட்டங்களில் வேறொரு காரணமும் உண்டு. பந்தலில் கொடிகளைக் கட்டிய சணல் நூலும் கம்பித் துண்டும் கீழே விழுந்து சக்கரத்தின் குடத்தில் சுற்றிக்கொள்கின்றன. சுற்றிய நூல் சீலின் வாய்க்குள் புகுந்து உதட்டை அறுத்துவிடும். கத்தரித்த கொடிகளை அகற்றும் காலத்தில் வாரம் ஒருமுறை இவ்விடத்தைத் துழாவிப் பார்க்கப் பணியாளருக்குக் கற்பித்தல் வேண்டும்.

புதிய சீல் வாங்கும்போது பழையதன்மேல் பொறித்துள்ள மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது அச்சின் விட்டம், இரண்டாவது வெளிவிட்டம், மூன்றாவது தடிப்பு, எல்லாம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தால் பழைய சீலையே கொண்டுசெல்க. சேற்றில் உழைக்கும் வண்டிக்கு, தூசி தடுக்கும் இரண்டாம் உதடும் உடைய வகை கிடைத்தால் அதையே வாங்குதல் நன்று. பொருத்துமுன் உதட்டில் எண்ணெய் தடவவேண்டும். உலர்ந்து ஏறிய உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகும். அச்சின் பள்ளச் சாவிகளும் பற்களும் உதட்டைக் கிழிக்காமலிருக்க, அவற்றின்மேல் வழுவழுப்பான மெல்லிய தாளைச் சுற்றிக்கொண்டு செலுத்துக. சீலின் வெளிவளையத்தைவிடச் சற்றே சிறிய குழாய்த் துண்டை வைத்து, எல்லாப் புறமும் சமமாக இறங்குமாறு மெல்லத் தட்ட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஓரோரமாகக் குத்தி இறக்கிய சீல், வளைந்து, முதல் நாளே கசியும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தீயில் காட்டிச் சுட்டு மீண்டும் மாட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. மேற்பரப்பு உலர்ந்ததுபோல் தோன்றினும், பிரேக் சூடேறியவுடன் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். லைனிங்கைப் புதிதாக மாற்றுவதே முறை. இரு பக்கத்தையும் ஒருங்கே மாற்றினால்தான் இரு சக்கரமும் சமமாகப் பற்றும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருத்தல் கூடும். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. டிரம்மில் உள்ள தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்து, பின்னர்ச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துக. மண்ணெண்ணெய் டிரம்மில் மெல்லிய பிசுக்கை விட்டுச்செல்லும். அங்கு அது வேண்டாம்.

கசிவை அடக்கத் தடித்த கிரீஸை எண்ணெயுடன் கலந்து ஊற்றுவோரும் உளர். கிரீஸ் பற்சக்கரங்களுக்கு இடையே ஓடிச் சேராது. மேற்புறப் பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும். எண்ணெயின் வகையையும் கைப்புத்தகத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தனிக் கூடுள்ள பழைய அச்சுகளுக்குப் பெரும்பாலும் 90 எண் கியர் எண்ணெய் பொருந்தும்; ஹைட்ராலிக் தூக்கியும் எண்ணெயில் மூழ்கிய பிரேக்கும் ஒரே தொட்டியில் உள்ள வண்டிகளுக்கு அதற்கெனச் செய்த பொது எண்ணெயே தகும்.

எல்லாம் பூட்டியபின் பாரமின்றி அரைமணி நேரம் ஓட்டி, பிரேக்கை இரு பெடலும் இணைத்துச் சமதரையில் மெதுவான வேகத்தில் சோதிக்கவேண்டும். வண்டி நேரே நின்றால் சரி. பக்கவாட்டில் இழுத்தால் பிரேக்கைச் சீர்படுத்திய பின்னரே டிரெய்லரை மாட்டலாம். பத்து மணி நேர வேலைக்குப் பின் சக்கரத்தின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, எண்ணெய் மட்டத்தையும் மூச்சுத்துளையையும் ஒருமுறை பார்க்கவேண்டும். இவ்வேலையைச் செய்து பழக விரும்பும் கிராம இளைஞர்களை, மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், அரியானாவில் ஹிசாரிலும், ஆந்திராவில் கார்லதின்னேயிலும் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்களுக்குக் களப்பணியாளர் வழிகாட்டி அனுப்பலாம். வடித்தெடுத்த பழைய எண்ணெயை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, அதனைப் பெறும் உரிமம் உள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். வாய்க்காலிலோ கிணற்றங்கரையிலோ ஊற்றலாகாது.